ஓட்டிசம் உடையோரைப் பேணும் கல்வி: அது வளர்ந்த வரலாறு

நோய் தீர்க்கும் மருத்துவத்தின் கூறுகளை நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து பேணுவோன் என நான்காக வகுத்தார் திருவள்ளுவர். அந்நான்கனுள் இறுதியில் நிற்கும் பேணுவோனைப் பற்றி மருத்துவ வரலாறு எழுதினோர் பெரிதும் பேசுவதில்லை. மருந்து கண்டவர் பெயரும் மருத்துவர் பெயரும் நிலைபெறும். இரவில் விழித்திருந்து பேணியவர் பெயர் மறையும். ஓட்டிசம் என்று இன்று வழங்கும் நிலையின் வரலாறோ இவ்வாறு எழுத இடந்தருவதன்று. அந்நிலையை மாற்றும் மருந்து யாதுமில்லை. அதனை நோயென்று கூறுதலும் பொருந்தாது, மூளை வளர்ச்சியின் வேறொரு வகையென்றே கொள்ளல் வேண்டும் என்பது இன்றைய அறிஞர் பலர் துணிபு. எனவே எஞ்சி நிற்போர் இருவரே: ஓட்டிசம் உடையவர் ஒருவர், அவரைப் பேணுபவர் மற்றொருவர். பேணுவோர் எதனைக் கற்றல் வேண்டும் என்பதும், அதனை அவர்க்குக் கற்பிக்கும் தகுதி உடையோர் யாவர் என்பதும் சென்ற நூறாண்டுகளாக ஆராயப்பட்ட வினாக்களாம். இவற்றுள் இரண்டாம் வினாவுக்குக் கிடைத்த தவறான விடையாலேயே எண்ணற்ற குடும்பங்கள் துன்புற்றன.

சொல்லின் வரலாறு முதற்கண் நோக்கத்தக்கது. தான் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று ஓட்டிசம் என்னும் பெயரை ஆக்கியவர் சுவிற்சர்லாந்து நாட்டு மனநோய் மருத்துவரான ஒயிகன் புளொய்லர் ஆவர். 1911ஆம் ஆண்டளவில் அவர் அச்சொல்லை வழங்கியது, மனச்சிதைவு நோயாளர் புறவுலகை விட்டுத் தம்முள் ஒடுங்கும் தன்மையைக் குறித்தற்கேயாம். பிற்காலத்தில் வேறொரு நிலைக்கு அப்பெயர் மாற்றப்பட்டபோது, ஒடுக்கம் என்னும் பழம்பொருளும் அதனோடு கூடவே வந்தது. தமிழிலும் மதியிறுக்கம், மனவிறுக்கம் முதலாய பெயர்கள் சிலரால் ஆக்கப்பட்டன. அவை மதியோ மனமோ இறுகிப்போனது போன்றதொரு பிழையான எண்ணத்தைத் தருவன. ஆதலின் ஈழத்தில் பெருவழக்காயுள்ள ஓட்டிசம் என்னும் சொல்லே ஈண்டு கொள்ளப்படுகின்றது. பெயர் பிழைபடின் பேணுதலும் பிழைபடும் என்பதற்கு இவ்வரலாற்றிற் சான்றுகள் பலவுள.

இந்நிலையை முதன்முதல் விளங்க எழுதியவர் மொஸ்கோ நகரத்து மருத்துவரான குரூனியா சுகரேவா என்னும் பெண்மணி ஆவர். 1925இல் இரஷிய மொழியிலும் அடுத்த ஆண்டில் ஜேர்மன் மொழியிலும் வெளிவந்த அவர் கட்டுரை ஆறு சிறுவரைப் பற்றியது. அச்சிறுவர் மருத்துவமனையைச் சார்ந்த பள்ளியொன்றில் தங்கிப் பயின்றனர். ஆதலால் ஓரிரு மணி நேரப் பரிசோதனையாற் கிட்டாத அறிவு அவருக்குக் கிட்டியது. மேலைநாட்டு அறிஞர் அக்கட்டுரையை நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை. ஆங்கிலத்தில் அது பெயர்க்கப்பட்டது 1996இலேயே.

வியன்னா நகரத்தில் 1911ஆம் ஆண்டு எர்வின் லாசர் என்பவர் நிறுவிய சிறுவர் மனைக்கும் இவ்வரலாற்றில் ஓர் இடமுண்டு. அங்கு மருத்துவமும் கல்வியும் பிரிக்கப்படாது ஒருங்கே நடைபெற்றன. அம்மனையின் தலைமைத் தாதியான விக்ரோறின் சாக் என்பவர் சிறுவரோடு உண்டும் விளையாடியும் இசை பயிற்றியும் அவர்தம் இயல்புகளை அறிந்தார். இளமருத்துவர் பலர் அவரை நோக்கியே தொழில் கற்றனர். 1944இல் நிகழ்ந்த குண்டுவீச்சில் அம்மனை அழிந்தபோது அவரும் உயிர்நீத்தார். அதே ஆண்டில் அம்மனையின் மருத்துவரான ஹான்ஸ் அஸ்பேர்கர் நான்கு சிறுவரைப் பற்றி எழுதிய கட்டுரை வெளியாயிற்று. அவர் பெயர் பிற்காலத்தில் உலகறிந்த பெயராயிற்று. எனினும் 2018ஆம் ஆண்டில் ஹெர்விக் செக் என்னும் வரலாற்றாசிரியர் வியன்னாவின் பழைய ஆவணங்களை ஆராய்ந்து வெளியிட்ட செய்தி அப்புகழை மாற்றியது. உடல் உளக் குறையுடைய சிறுவர் 789 பேர் மாண்ட ஸ்பீகல்குறுண்ட் என்னும் நாசிகளின் நிலையத்துக்கு அஸ்பேர்கர் சிறுவரை அனுப்பியிருந்தார் என்பதும், அவர் அனுப்பிய சிறுமியர் இருவர் அங்கு உயிரிழந்தனர் என்பதும் அவ்வாவணங்களால் வெளிப்பட்டன. ஒரு குழந்தையின் மனத்தை நுணுகி உணரும் ஆற்றலும் மற்றொரு குழந்தையைக் கைவிடும் உடன்பாடும் ஒருவரிடத்தே ஒருங்கு நிற்றல் கூடும் என்பது அச்சத்தக்கதோர் உண்மை.

அமெரிக்காவில் இவ்வரலாறு ஒரு தந்தையின் மடலோடு தொடங்குகின்றது. மிசிசிப்பி மாநிலத்துச் சிற்றூரான பொறெஸ்ற் என்னும் இடத்து வழக்கறிஞர் ஒருவர், 1933இற் பிறந்த தம் மகன் டொனல்ட் றிப்லெற் என்பானைக் குறித்து 33 பக்கங்களில் தட்டெழுத்திலமைந்த மடலொன்றைப் போல்ற்றிமோர் நகரத்து ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவமனையில் இருந்த லியோ கானருக்கு அனுப்பினார். மகன் எப்பொழுது பேசினான், எச்சொற்களைத் திரும்பத் திரும்பக் கூறினான், எதனைச் சுழற்றி மகிழ்ந்தான், எதனைக் கண்டு அஞ்சினான் என்பனவெல்லாம் அதில் ஒழுங்குபட எழுதப்பட்டிருந்தன. அதற்குமுன், மருத்துவர் சொற்படி அச்சிறுவன் நான்கு வயதாகுமுன்னரே வீட்டைவிட்டுப் பிரிக்கப்பட்டுச் சிறுவர் நிலையமொன்றில் விடப்பட்டிருந்தான். பெற்றோர் மாதத்தில் இருமுறையே அவனைக் காணலாயினர். அவனை மீட்டுச்செல்ல அவர்கள் வந்தபோது, அவனை அவன்பாட்டில் விட்டுவிடுமாறே நிலையத்துத் தலைவர் கூறினார். பெற்றோர் கேளாது அழைத்துச் சென்றனர். 1938இல் கானர் அச்சிறுவனைக் கண்டார். 1943இல் அவனை முதலாமவனாகக் கொண்டு, எட்டுச் சிறுவரும் மூன்று சிறுமியரும் ஆகிய பதினொருவரைப் பற்றிய தம் புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டார். அக்கட்டுரையின் அடித்தளத்திற் பெரும்பகுதி அத்தந்தை எழுதியதேயாம்.

டொனல்டுக்கு அடுத்து வாய்த்த பேணுநர் இருவரைப் பற்றிக் கானரே எழுதியுள்ளார். 1942ஆம் ஆண்டில், அவன் வீட்டினின்றும் பத்து மைல் அளவிலிருந்த ஒரு பண்ணையில் வாழ்ந்த உழவர் தம்பதியரிடம் அவன் ஒப்படைக்கப்பட்டான். அவர்கள் மனநூல் கற்றவரல்லர், செல்வரும் அல்லர். 1945இல் கானர் அப்பண்ணைக்கு நேரிற் சென்றார். அங்கே கண்டவை அவரை வியப்பில் ஆழ்த்தின. டொனல்டுக்கு எதனையும் அளந்து பார்த்தலில் அடங்காத வேட்கை இருந்தது. அவ்வேட்கையை அடக்க முயலாது, கிணறு தோண்டும் வேலையில் அவனை ஈடுபடுத்தி, அதன் ஆழத்தை அளந்து சொல்லுமாறு பணித்தனர் அத்தம்பதியர். இறந்த பறவைகளையும் பூச்சிகளையும் அவன் திரட்டிக்கொண்டே இருந்தான். வளவில் ஓரிடத்தை மயானமாக ஒதுக்கி, அவற்றைப் புதைத்து அடையாளம் நாட்டச் செய்தனர். ஒவ்வொன்றுக்கும் முதற்பெயர் ஒன்று சூட்டி, உயிரினத்தின் பெயரை நடுவிலும் அவ்வுழவரின் குடும்பப் பெயரை இறுதியிலும் சேர்த்து எழுதினான் அவன். சோள வரிசைகளை ஓயாது எண்ணிக்கொண்டிருந்தவனுக்கு ஏரைக் கொடுத்து, உழுதுகொண்டே எண்ணச் செய்தனர். கானர் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே நெடிய ஆறு வரிசைகளை அவன் உழுது முடித்தான். அயலிலிருந்த நாட்டுப்புறப் பள்ளியொன்றும் அவன் போக்குகளைப் பொறுத்து ஏற்றுக்கொண்டது.

இந்நிகழ்ச்சியைச் சற்றே நின்று நோக்கல் வேண்டும். பிற்கால அறிஞர் பல்லாண்டு ஆராய்ந்து கண்ட நெறியின் சாரம் யாவும் இவ்வுழவர் வீட்டில் முன்னரே இருந்தது. குழந்தையின் தனி விருப்பத்தை ஒழிக்க வேண்டிய குற்றமாகக் கொள்ளாது, அவனை உலகத்தோடு கூட்டும் வழியாகக் கொண்டமை. சொல்லால் ஏவுவதை விட்டுச் செயலுக்கு ஓர் உருவம் கொடுத்தமை. அன்பினிடையே கண்டிப்பையும் விடாமை ஆகிய மூன்றும் அங்கே அமைந்திருந்தன. டொனல்ட் 1958இல் மில்சாப்ஸ் கல்லூரியிற் பட்டம் பெற்றார்; வங்கியில் வேலை பார்த்தார்; தன்னந்தனியே பல நாடுகளுக்குச் சென்று வந்தார்; 2023ஆம் ஆண்டில் தம் 89ஆம் வயதில், பிறந்த ஊரிலேயே காலமானார். 1971இல் கானர் தம் பதினொருவரின் பிற்கால வாழ்வை ஆராய்ந்தபோது, அரசாங்க மனநோய் மனைகளில் விடப்பட்டோர் ஒளிமங்கிப் போயினர் என்றும், அங்கு அனுப்புதல் ஆயுட்சிறைக்கு ஒப்பாயிற்று என்றும் எழுதலானார்.

இத்துணை நல்ல சான்று கண்முன் இருந்தும், அடுத்த இருபதாண்டுகளில் மருத்துவ உலகம் அதற்கு நேர்மாறான வழியிற் சென்றது. தொடக்கத்தில் இந்நிலை பிறவியிலேயே அமைவதென்று எழுதிய கானர், பின்னர் இக்குழந்தைகளின் பெற்றோர் அன்பு வெளிப்படாத குளிர்ந்த உள்ளத்தினர் என்னும் கருத்துக்கும் இடங்கொடுத்தார். அக்கருத்தை ஒரு கோட்பாடாக வளர்த்தவர் சிக்காகோப் பல்கலைக்கழகத்துச் சிறுவர் பள்ளியொன்றின் தலைவராக 1944 முதல் 1973 வரை இருந்த புறூனோ பெற்றல்ஹைம் ஆவர். நாசிகளின் வதைமுகாம்களிற் சிறையிருந்து மீண்டவர் அவர். அங்கே கைதிகள் வாழ்வில் நம்பிக்கை இழந்து ஒடுங்கியதை நேரிற் கண்ட அவர், ஓட்டிசக் குழந்தையும் தன்னைப் பகைக்கும் தாயிடமிருந்து அவ்வாறே ஒடுங்குகின்றதெனக் கருதினார். 1967இல் வெளியான அவருடைய நூல் பல்லாயிரம் வாசகரைப் பெற்றது. இக்கோட்பாட்டின்படி தாயே காரணம். ஆகவே தாயிடமிருந்து குழந்தையைப் பிரித்தலே பரிகாரம். பள்ளியின் பணியாளர்க்கு அளிக்கப்பட்ட பயிற்சியும் இவ்வெண்ணத்தின் மேலேயே எழுப்பப்பட்டது. தான் பட்ட துன்பம் பெரிது என்பது, தான் கொண்ட கொள்கை மெய் என்பதற்குச் சான்றாகாது. ஆயினும் கற்றோர் பலர் அவ்வாறே கொண்டனர். வீட்டில் இரவெல்லாம் உறங்காத குழந்தையோடு விழித்திருந்த தாய்மார், பகலில் மருத்துவர் முன்னே குற்றவாளிகளாய் அமர்ந்தனர்.

இதனை எதிர்த்து முதற்குரல் எழுப்பியவர் ஒரு தந்தையே. அமெரிக்கக் கடற்படையில் மனநூல் வல்லுநராயிருந்த பேர்னாட் றிம்லாண்ட், 1956இற் பிறந்த தம் மகனின் பொருட்டு இத்துறை நூல்களையெல்லாம் தேடிக் கற்றார். பெற்றோரைக் குற்றஞ்சாட்டுதற்குச் சான்று யாதுமில்லை என்றும், காரணம் மூளையின் அமைப்பைச் சார்ந்தது என்றும் 1964இல் அவர் வெளியிட்ட நூல் நிறுவிற்று. அதற்கு முன்னுரை அளித்தவர் கானரே என்பது குறிப்பிடத்தக்கது. அடுத்த ஆண்டில் பெற்றோர் சங்கம் தோன்றியது. 1969இல் அச்சங்கத்தின் கூட்டமொன்றில் எழுந்து நின்ற கானர், பெற்றோர் மீது சுமத்தப்பட்ட பழியினின்று அவர்களை விடுவிப்பதாக வெளிப்படையாகக் கூறினார். அதற்குள் காலம் கடந்துவிட்டது.

இங்கிலாந்திலும் பெற்றோரே முன்வந்தனர். 1962இல் அவர்கள் அமைத்த சங்கத்தினருள் ஓட்டிசம் உடைய மகளைப் பெற்ற மருத்துவரான லோர்ணா விங் ஒருவர். அவர்களுக்கு வாய்த்த ஆசிரியை சிபில் எல்கர். மனநோய்ச் சிறுவர் மனையொன்றிற் கண்ட காட்சிகளால் உள்ளம் நொந்த அவ்வம்மையார், இலண்டனில் தம் வீட்டின் நிலவறையிலேயே சிறுவர் சிலருக்குக் கற்பிக்கத் தொடங்கினார். 1965இல் அச்சங்கம் ஈலிங் என்னும் இடத்திற் பள்ளியை நிறுவியபோது அதற்குத் தலைமை ஏற்றவரும் அவரே. அமைதியான அறை, மாறாத நேர ஒழுங்கு, சுருக்கமான தெளிந்த சொல், பொறுமை என்பனவே அவர் கையாண்ட முறை. லோர்ணா விங், யூடித் கூல்ட் என்பாருடன் சேர்ந்து இலண்டனின் கம்பர்வெல் பகுதியில் நடத்திய ஆய்வு 1979இல் வெளிவந்தது. ஓட்டிசம் ஒரேயொரு வடிவினதன்று, பேசாதார் முதல் பெருங்கல்வி கற்றார் வரை பரந்த ஒரு தொடர்ச்சி என்னும் கருத்து அவ்வாய்வின் வழியே வேரூன்றியது.

பேணுவோர்க்குப் பயிற்சியளித்தலை ஓர் ஒழுங்கான கல்வியாக்கியவர் எரிக் ஷொப்ளர் ஆவர். 1927இல் ஜேர்மனியில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்து, 1938இல் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குத் தப்பிச் சென்றவர் அவர். பெற்றல்ஹைம் கோலோச்சிய சிக்காகோப் பல்கலைக்கழகத்திலேயே பயின்றும், அவர் கொள்கையை ஏற்க மறுத்தார். 1964இல் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தார். பெற்றோரின் சிந்தனையே குழம்பியது என்று அக்காலத்தார் சோதனைகள் காட்டிக் கூறுவதுண்டு. அச்சோதனையை ஷொப்ளர் வேறு விதமாக நடத்திப் பார்த்தார். ஓட்டிசம் உடைய பிள்ளையைப் பற்றிய விசாரணைச் சூழலிற் பெற்றோரைச் சோதித்தால் குழப்பம் தோன்றியது. குறையில்லாத மற்றைப் பிள்ளையைப் பற்றிய சூழலிற் சோதித்தால் அது தோன்றவில்லை. 1969இல் வெளியான இவ்வாய்வின் பொருள் தெளிவானது. பெற்றோரிடம் வாண்மையாளர் கண்ட நோய், வாண்மையாளர் தம் நோக்கினாலேயே விளைத்த அச்சமாம். இத்துறையின் வரலாற்றில் இதனினும் எளிய, இதனினும் கூரிய சோதனை பிறிதொன்று காண்டல் அரிது.

1966இல் அரசாங்க நிதியுதவியோடு ஷொப்ளரும் றொபேட் றைக்லர் என்பவரும் தொடங்கிய திட்டத்தில் பெற்றோர் துணைச் சிகிச்சையாளர் என்னும் நிலைக்கு உயர்த்தப்பட்டனர். ஒருபுறம் நின்று பார்த்தால் மறுபுறம் தெரியும் கண்ணாடியொன்று அறைச்சுவரில் அமைக்கப்பட்டது. அதன் பின்னே பெற்றோர் அமர்ந்து, சிகிச்சையாளர் குழந்தையோடு செயற்படும் முறையைக் கண்டனர். பின்னர் பெற்றோர் உள்ளே சென்று தாம் வீட்டிற் கையாளும் முறையைச் செய்துகாட்ட, சிகிச்சையாளர் கண்ணாடியின் பின்னே அமர்ந்து கற்றனர். முறையியல் நூல்கள் பல பக்கங்களில் விளக்கும் கருத்தை இவ்விட மாற்றம் ஒரு நொடியில் விளக்கிவிடுகின்றது. பெற்றல்ஹைமின் பள்ளியிற் கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்ட தாய், இங்கே ஆசிரியரின் இருக்கையைப் பெற்றாள். ஒவ்வொரு குழந்தைக்கும் வீட்டிற் செய்ய வேண்டிய பயிற்சி எழுதிக் கொடுக்கப்பட்டது. எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதைத் தாய் குறித்துவந்தாள். அக்குறிப்பைக் கொண்டு பயிற்சி திருத்தப்பட்டது.

அங்கே வளர்ந்த கற்பித்தல் முறையும் சுருங்கக் கூறத்தக்கது. ஓட்டிசம் உடையோர் பலர் காதாற் கேட்கும் சொல்லைவிடக் கண்ணாற் காணும் பொருளை எளிதிற் பற்றுவர்; இனி என்ன நிகழும் என்பது தெரியாதபோதே பெரிதும் கலங்குவர். ஆதலின் அன்றைய வேலைகள் படங்களாகவோ பொருள்களாகவோ வரிசையாக வைக்கப்படும். செய்ய வேண்டியவை மேசையின் இடப்புறத்தில் இருக்கும். முடித்தவற்றை இடுதற்கு வலப்புறத்தில் ஒரு பெட்டி இருக்கும். எவ்வளவு வேலை, எப்பொழுது முடியும், முடிந்தபின் என்ன என்னும் மூன்றையும் வினவாமலே குழந்தை அறிந்துகொள்ளும். ஒழுங்குபடுத்திய சூழலிற் குழந்தைகள் கற்றலும், கட்டில்லாத சூழலிற் சிதறுதலும் 1971இல் வெளியான ஆய்வாற் காட்டப்பட்டன. பெற்றோர் சட்டசபையை அணுகி வாதாடியதன் பயனாக, 1972இல் வட கரோலினா மாநிலம் இத்திட்டத்தைத் தன் நிரந்தரப் பணியாக்கியது. ரீச் என்னும் பெயரோடு மாநிலமெங்கும் அது பரவிற்று. பிற நாட்டு ஆசிரியரும் அங்குச் சென்று, விரிவுரை கேட்பதோடு அமையாது, உண்மையான மாணவரோடு பல நாள் உழைத்துப் பயின்றனர். 1974இல் கானர் விட்ட இடத்தில் இத்துறைச் சஞ்சிகையின் ஆசிரியரான ஷொப்ளர், அதிற் பெற்றோரும் எழுத ஒரு பகுதி வகுத்தார். 2006இல் அவர் காலமானார்.

அதே காலத்தில் கலிபோர்ணியாவில் ஐவர் லோவாஸ் என்பவர் வேறொரு முறையை வளர்த்தார். பரிசளித்தும் தண்டித்தும் பழக்கங்களை உருவாக்கும் முறை அது. தொடக்கத்தில் அறைதலும் மின்னதிர்ச்சியும் அதிற் கையாளப்பட்டன. 1965இல் புகழ்பெற்ற வார இதழொன்று அவற்றைப் படங்களோடு வெளியிட்டபோது கண்டித்தோரிலும் வியந்தோர் அதிகம் என்பது அக்காலத்தின் மனநிலையைக் காட்டும். எனினும் அவர் குழுவினர் 1973இல் வெளியிட்ட தொடராய்வு ஒன்று இவ்வரலாற்றுக்கு இன்றியமையாதது. இருபது குழந்தைகளைப் பின்தொடர்ந்து பார்த்தபோது, பயிற்சி பெற்ற பெற்றோரிடம் திரும்பியோர் கற்றவற்றைக் காத்துக்கொண்டனர். நிலையங்களுக்கு அனுப்பப்பட்டோர் அவற்றை இழந்தனர். முறைகள் எவ்வளவு வேறுபட்டாலும், வீட்டிலுள்ளார் கல்லாத கல்வி நில்லாது என்னும் முடிவில் ஷொப்ளரும் லோவாசும் வேறுபடவில்லை.

இதுகாறும் கூறியவற்றில் மருத்துவர் பேசினர், தாதியர் பேசினர், பெற்றோரும் பேசினர். ஓட்டிசம் உடையவர் பேசவில்லை. அவர்களுள் அமெரிக்கரான ரெம்பிள் கிறாண்டின் 1986இல் தம் வாழ்க்கையை நூலாக எழுதியபோது, இத்தகையோர் தம் அகவாழ்வைத் தாமே எடுத்துரைத்தல் கூடுமா என ஐயுற்றவர் பலர். 1993இல் கனடாவின் ரொறொன்ரோ நகர மாநாட்டில் ஜிம் சின்கிளேயர், தம்போன்றோரைப் பெற்றதற்காகத் துக்கம் காக்க வேண்டா என்று பெற்றோரை நோக்கியே கூறினார். எதிர்பார்த்த பிள்ளை பிறவாமைக்கு வருந்துதல் இயல்பே. ஆயின் அவ்வருத்தத்தைப் பிறந்த பிள்ளையின் மேல் ஏற்றலாகாது என்பது அவர் உரையின் கருத்து. அரைநூற்றாண்டு பழி சுமந்த பெற்றோர்க்கு இச்சொல் கசப்பாகவே இருந்திருக்கும். எனினும் அது அவர்களைக் குற்றஞ்சாட்டிய சொல்லன்று. அவர்களோடு உரையாட முன்வந்த சொல்.

அவ்வுரையாடலுக்குக் கோட்பாடு ஒன்று தந்தவர், தாமும் ஓட்டிசம் உடையவரான ஆங்கிலேயச் சமூகவியலாளர் டேமியன் மில்ற்றன் ஆவர். ஓட்டிசம் உடையோர்க்குப் பிறர் மனம் விளங்காது என்றே அதுவரை பாடநூல்கள் கூறின. பிறர்க்கும் அவர் மனம் விளங்கவில்லையே, விளங்காமை இருபுறத்தும் உள்ளதன்றோ என்று 2012இல் மில்ற்றன் வினவினார். எடின்பரோவில் நடந்து 2020இல் வெளியான பரிசோதனை ஒன்று இதற்கு வலுவூட்டிற்று. எண்மர் கொண்ட வரிசையில் ஒருவர் கூறிய கதையை மற்றவர் கேட்டு அடுத்தவர்க்குக் கூறும் விளையாட்டு அது. ஓட்டிசம் உடையோர் மட்டும் நின்ற வரிசையிலும், அஃதில்லாதார் மட்டும் நின்ற வரிசையிலும் கதை ஏறக்குறைய ஒரே அளவிற் காக்கப்பட்டது. இருவகையினரும் கலந்து நின்ற வரிசையிலேயே அது விரைந்து தேய்ந்தது. குறை ஒருவரிடத்தன்று, இருவருக்கும் இடையிலுள்ள வெளியில் என்பது இதன் கருத்து. அவ்வாறாயின், பேணுவோர்க்கு அளிக்கும் பயிற்சி பிறரைத் திருத்தும் பயிற்சியாக மட்டும் அமைதல் போதாது. தம் காதைப் பழக்கும் பயிற்சியாகவும் அமைதல் வேண்டும்.

காது பழகாமையால் உயிரும் போகும் என்பதை ஒலிவர் மகவன் என்னும் இளைஞனின் மரணம் இங்கிலாந்துக்கு உணர்த்தியது. ஓட்டிசமும் வலிப்பும் உடைய அவன் 2016இல் மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டான். மனநோய்க்குரிய மருந்துவகை தனக்கு ஒவ்வாதென்று அவனும் பெற்றோரும் முன்கூட்டியே தெரிவித்திருந்தும் அம்மருந்து கொடுக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில், 18ஆம் வயதில் அவன் இறந்தான். அவன் மரணம் தவிர்த்திருக்கக் கூடியது என்று பின்னர் நடந்த சுயாதீன மீளாய்வு முடிவுகூறிற்று. அவன் தாயார் இடைவிடாது முயன்றதன் பயனாக, மருத்துவ, சமூகப் பராமரிப்பு நிலையங்களின் பணியாளர் யாவரும் கற்றல் இடர்ப்பாட்டையும் ஓட்டிசத்தையும் பற்றிப் பயிற்சி பெறல் வேண்டுமென 2022ஆம் ஆண்டின் சுகாதார பராமரிப்புச் சட்டம் விதித்தது. அவன் பெயரால் வழங்கும் அப்பயிற்சியில், ஓட்டிசம் உடையவர்களே பயிற்றுநராய் நின்று கற்பிக்கின்றனர். தாதியரும் மருத்துவரும் அவர் முன்னே மாணவராய் அமர்கின்றனர்.

செல்வ நாடுகளில் நிகழ்ந்த இவ்வளர்ச்சி, வல்லுநர் அரிதாயுள்ள நாடுகளுக்கு எவ்வாறு பயன்படும் என்பது நியாயமான வினா. பெற்றோர் தம் குழந்தையோடு விளையாடுவதை ஒளிப்பதிவு செய்து, அதனை அவர்க்கே காட்டி, குழந்தையின் சிறு சைகைக்குத் தாம் எங்கே விடையளித்தோம், எங்கே தவறவிட்டோம் என்று கண்டுகொள்ளச் செய்யும் முறையொன்று இங்கிலாந்தில் உருவாயிற்று. இந்தியாவின் கோவாவிலும் பாக்கிஸ்தானின் இராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளின் குடும்பங்களிடையே அது சோதிக்கப்பட்டது. கற்பித்தோர் மருத்துவரல்லர், குறுகிய பயிற்சி பெற்ற சாதாரண சுகாதாரப் பணியாளர். ஆறு மாதத்திற் பன்னிரண்டு சந்திப்புகளே நடந்தன. பெற்றோர் குழந்தையின் போக்குக்கு இசைந்து விடையளிக்கக் கற்றனர் என்பதும், குழந்தைகள் தாமாகவே தொடர்பு நாடுதல் மிகுந்தது என்பதும் 2016இல் வெளியான முடிவுகள். உலக சுகாதார நிறுவனமும் ஒன்பது குழுக்கூட்டங்களும் மூன்று வீட்டுத் தரிசனங்களும் கொண்ட பயிற்சியொன்றைப் பேணுவோர்க்கென வகுத்துப் பல நாடுகளிற் பரப்பியுள்ளது.

இலங்கையில் இத்துறையிற் குறிப்பிடத்தக்க பணி செய்தவர் கொழும்பு மருத்துவ பீடத்தைச் சேர்ந்த பேராசிரியர் ஹேமமாலி பெரேரா ஆவர். 18 முதல் 24 மாதம் வரையான குழந்தைகளிடையே அவர் குழுவினர் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வு, 93 பேருக்கு ஒருவர் என்னும் விகிதத்தில் ஓட்டிசம் காணப்படுவதாகக் கூறிற்று. குழந்தைகளை முதலில் இனங்கண்டோர் வீடுதோறும் செல்லும் குடும்பநல மருத்துவ மாதர். தாய்மாரை வீட்டிலேயே பயிற்றுநராக்கும் திட்டமொன்றின் விளைவுகளை அவர் குழுவினர் 2016இல் வெளியிட்டனர். இவ்வாய்வுகளினிடையே ஒரு செய்தி சிந்தித்தற்குரியது. மேலைநாட்டில் ஆக்கப்பட்ட வினாக்கொத்தைக் கொண்டு இலங்கைத் தாய்மாரை வினவியபோது, அது ஐயத்துக்குரிய குழந்தைகளுட் பெரும்பாலாரைத் தவறவிட்டது. குழந்தை விரலாற் சுட்டிக் காட்டுமா, பெயர் சொல்லி அழைத்தால் திரும்புமா என்னும் வினாக்களுக்குத் தாய்மார் ஆம் என்றே விடையிறுத்தனர். இதனைக் கண்ட ஆய்வாளர், தாய்மாரின் அறியாமையைப் பழித்து அமையவில்லை. ஓட்டிசக் குழந்தைகளின் செயல்களை இவ்வூர்ச் சூழலிலேயே படமாக்கி, சொல்லுக்குப் பதிலாக அப்படங்களைத் தாய்மார் கையிற் கொடுத்தனர். 2017இல் அம்முறை வெளியிடப்பட்டது. படத்தைக் கண்ட தாய், தன் பிள்ளை செய்வது எது என்று தானே விரல்வைத்துக் காட்டினாள்.